உயிரணுவினுள் அயல் மரபணு: பாகாயம் ஆய்வும் ஃபிக்ஹு நோக்கும்

சத்துவாச்சாரியில் ஒருநாள் மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்குகையில் சகோதரர் ஒருவர் நம்மை நிறுத்தினார். தோல் வணிகத்தில் நெடுநாள் பழகியவர். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே குருதி உறையாமை நோய். "ஹஜ்ரத், பாகாயத்தில் இந்த நோய்க்கு மரபணுச் சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்களாம். ஆனால் அந்த மரபணுவில் பன்றியின் பகுதி கலந்திருக்கிறதாம். நாளை என் மகனுக்கு அது கிடைத்தால் நான் ஒப்புக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு பொருளைப் பற்றிய சட்டம் அப்பொருளைச் சரியாக அறிந்த பின்னரே பிறக்கும் என்பது நம் மதரஸாக்களில் தொடக்க வகுப்பு மாணவனும் படிக்கும் விதி. மரபணு என்றால் என்ன, அது எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எவ்வழியாக உயிரணுவுக்குள் நுழைகிறது என்பதை அறியாமல் ஹலால், ஹராம் என்று நாவசைப்பது முறையன்று. அதன் பின்னர் சில மாதங்கள் படித்தும், அறிந்தவர்களிடம் கேட்டும் நாம் தெரிந்துகொண்டவற்றை இங்குத் தருகிறோம்.

நோயிலிருந்து தொடங்குவோம். இது முஸ்லிம் மருத்துவ வரலாற்றுக்குப் புதிதன்று. குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) கி.பி. 1013ஆம் ஆண்டையொட்டி மறைந்தவர். அவர் தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில், ஓர் ஊரின் ஆண்கள் காயம்பட்டால் குருதி நில்லாமல் இறந்துபோவதைப் பதிந்துவைத்தார். பல்லீறு தேய்க்கப்பட்ட சிறுவர்கள் கூட அவ்வாறு மாண்டதாக அவர் குறிப்பிடுகிறார். ஹீமோஃபிலியா என்று இன்று வழங்கும் நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைக் கொள்வர். நம் வீடுகளிலோ இந்நோய் பெரும்பாலும் கத்னாவின்போதுதான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. விருந்துக்கு வந்தவர்கள் எழுந்து போன பிறகும் குழந்தையின் குருதி நிற்பதில்லை. அந்த இரவின் கலக்கத்தை அறிந்த குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு.

குருதி உறைவதற்குத் தேவையான புரதங்கள் பல. அவற்றுள் எட்டாவது காரணி, அதாவது நோயாளிகள் 'ஃபேக்டர் எட்டு' என்று சொல்வது, உடலில் உருவாகாமற் போவதே ஹீமோஃபிலியா 'ஏ' வகை. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் பிறக்கின்றனர். இப்புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு அத்தகைய குரோமோசோம்கள் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும். ஆணுக்கு ஒன்றே, அது பழுதானால் ஈடு இல்லை. ஆகவே தாய் வழியாக மகனுக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் இதனைச் சாக்கிட்டுத் தாயைப் பழிப்பதும், பெண் எடுத்த குடும்பத்தைக் குறைகூறுவதும் அறியாமை. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமே காரணம். இதை ஜும்ஆ மேடைகளிலும் சொல்லத்தான் வேண்டும்.

இந்நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு அடியே பட வேண்டியதில்லை. முழங்கால் மூட்டிலும் கணுக்காலிலும் தானாகவே குருதி கசியும். ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டுகள் இறுகிப் போகும். இதுவரை உள்ள சிகிச்சை, இல்லாத காரணியை வாரத்திற்கு இருமுறையோ மும்முறையோ நரம்பில் ஊசியாக ஏற்றுவது. அண்மைக் காலத்தில் தோலுக்கடியில் செலுத்தும் வேறு வகை மருந்தும் வந்துள்ளது. எதுவாயினும் வாழ்நாள் முழுவதும் விடாமல் ஏற்ற வேண்டும். செலவோ சாமானியக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது.

இந்நிலையில்தான் பாகாயத்தின் பெயர் உலக மருத்துவ ஏடுகளில் வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் குருத்தணு ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. பெங்களூர் இன்ஸ்டெம் நிறுவனத்தின் ஓர் அலகு அது. அங்கு டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவினர், அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழக அறிஞர்களோடு இணைந்து, கடுமையான ஹீமோஃபிலியா 'ஏ' உள்ள ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்தனர். அவர்கள் 22 முதல் 41 வயது வரையுள்ள ஆண்கள். முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின.

அவர்கள் செய்தது இது. நோயாளியின் குருதியிலிருந்தே, எல்லாக் குருதியணுக்களுக்கும் தாயான குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றை உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் வளர்ப்புத் திரவத்தில் வைத்து, எட்டாம் காரணிக்கான மரபணுவை அவற்றுள் செலுத்தினர். பின்னர் நோயாளியின் எலும்பு மச்சையை வலுவான மருந்துகளால் வெறுமையாக்கி, திருத்தப்பெற்ற குருத்தணுக்களைத் திரும்ப ஏற்றினர். அவை மச்சையில் வேரூன்றிப் பெருகி, தம் வழித்தோன்றல்களான வெள்ளணுக்களைக் கொண்டு காரணியைச் சுரக்கின்றன. உடலே தன் மருந்தகமாகிவிடுகிறது எனலாம்.

ஐவரும் இரு பிரிவினர். முதல் இருவருக்கு மரபணு வழக்கமான முறையில் செலுத்தப்பட்டது. அடுத்த மூவருக்கோ, மரபணு உயிரணுவுக்குள் நுழைவதை எளிதாக்கும் ஒரு துணைப்பொருளும் சேர்க்கப்பட்டது. உடல்நலமுள்ள மனிதரில் இக்காரணியின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 50 முதல் 150 அலகு. கடுமையான நோயாளியிடம் ஒன்றுக்கும் குறைவு. சிகிச்சைக்குப் பின் முதல் இருவரிடம் காணப்பட்ட இடைநிலை அளவு 5.2, 1.7. பின்னைய மூவரிடம் 37.1, 19.3, 39.9. ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கண்காணித்ததில் ஒருவருக்கும் குருதிக் கசிவு நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இந்த எண்களை நாம் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இரு பிரிவினருக்கும் ஒரே மரபணுவே அளிக்கப்பட்டது, மருத்துவர்களும் அவர்களே. முதன்மையாக மாறியது ஒன்றுதான்: உயிரணுவின் வாசல் எவ்வளவு திறந்தது என்பது. ஆகவே மரபணுச் சிகிச்சையின் பேறும் பெருஞ்செலவும் அவ்வாசலில்தான் முடிச்சிடப்பட்டுள்ளன.

ஓர் உயிரணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. அதைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலான இரட்டை அடுக்கு. மரபணுவோ நீரில் கரையும், மின்னூட்டம் கொண்ட நீண்ட இழை. கொழுப்புச் சுவர் அதனைத் தானாக உள்ளே விடாது. இறைவன் அமைத்த இக்காவல் இல்லாவிடில் உலகில் மிதக்கும் எல்லா மரபணுத் துணுக்குகளும் நம்முள் புகுந்திருக்கும். இக்காவலைக் கடக்க அறிவியலார் பல வழிகளைக் கண்டனர். 1973இல் கிரகாம், வான் டெர் எப் என்னும் இருவர் மரபணுவைக் கால்சியம் பாஸ்பேட் துகள்களோடு படியவைத்து உயிரணுக்களை விழுங்கச் செய்தனர். 1982இல் நியூமன் குழுவினர் நொடிப்பொழுது மின்துடிப்பால் சவ்வில் நுண்துளைகளைத் திறந்து மரபணுவை உள்ளே புகுத்தினர். வேறு சிலர், உயிரணுவுக்குள் நுழைவதையே பிழைப்பாகக் கொண்ட வைரஸையே வாகனமாக்கிக் கொண்டனர்.

பாகாயத்தில் பயன்பட்டது இக்கடைசி வழி. அந்த வாகனம் லென்டி வைரஸ். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் வைரஸின் கூட்டிலிருந்து நோய் தரும் பகுதிகளை நீக்கி, தானாகப் பெருக முடியாதபடி முடமாக்கி, அவ்விடத்தில் வேண்டிய மரபணுவை வைத்து அமைக்கப்பட்டது. 1986இல் சென்னையில் திரட்டப்பட்ட குருதி மாதிரிகளை இதே வேலூர் மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. அன்று நாடே அஞ்சிய ஒன்றின் கூடு இன்று அதே ஊரில் மருந்தைச் சுமக்கிறது.

இனி வாகனம் வாசலை அடைவதில் உள்ள சிக்கல். இதை விளக்க நம் பகுதியினருக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. நம் பாட்டனார் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் தோலைப் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தனர். பதனிடும் சத்து நீரிலிருந்து தானே ஊர்ந்து ஊர்ந்து தோலின் நடுவரை செல்ல வேண்டும். பின்னர் சுழலும் டிரம்கள் வந்தன; குரோம் வந்தது; வாரங்கள் செய்த வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆயினும் வழக்கமான முறையில் இட்ட குரோமில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் ஏறும். எஞ்சியது கழிவுநீரோடு போகும். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பாலாற்றங்கரையில் வாழ்பவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றமே விரிவாகச் சொல்லிவிட்டது.

ஆய்வகத் தட்டிலும் இதே கதைதான். குருத்தணுக்கள் தட்டின் அடியில் படிந்திருக்கும். அவற்றின்மேல் சில மில்லிமீட்டர் உயரத்துக்குத் திரவம் நிற்கும். வைரஸ் துகள்கள் அத்திரவம் முழுவதும் சிதறியிருக்கும். ஒரு துகளின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் கால் இல்லை, இறக்கை இல்லை. நீர்மூலக்கூறுகள் மோதிய திசையில் தள்ளாடித் தள்ளாடியே நகரும். வெப்பத்தில் அதன் ஆற்றல் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். அந்நேரத்துக்குள் அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மேலே இருக்கும் துகள்கள் கீழே வருமுன் செத்துப்போகின்றன. ஆகவே தேவைக்கு மிகுதியாக, பல மடங்கு வைரஸைக் கொட்ட வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்குரிய தூய்மையுடன் வைரஸைத் தயாரிப்பதோ மரபணுச் சிகிச்சையில் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகளுள் ஒன்று.

தோலைப் போல் உயிரணுவை டிரம்மில் போட்டு உருட்ட முடியாது, நைந்துவிடும். ஆகவே அறிவியலார் வேறு வகையில் சிந்தித்தனர். உயிரணுவை அசைக்காமல் திரவத்தின் உயரத்தைக் குறைத்தால் என்ன? இங்குதான் நுண்கால்வாய்ச் சில்லு வருகிறது. கைக்கு அடக்கமான கண்ணாடி அல்லது சிலிக்கோன் இரப்பர்த் தகட்டில், தலைமுடியின் பருமனை ஒத்த ஆழத்தில் கால்வாய்களைச் செதுக்கி, அவற்றுள் உயிரணுக்களையும் வைரஸ் கலந்த திரவத்தையும் செலுத்துவர். அத்துணை மெல்லிய படலத்தில் எந்தத் துகளும் எந்த உயிரணுவிலிருந்தும் தொலைவில் இல்லை. தள்ளாடினாலும் சற்று நேரத்தில் முட்டிக்கொள்ளும்.

அட்லாண்டாவில் வில்பர் லாம் என்பாரின் ஆய்வுக்குழு இத்தகைய சில்லைச் செய்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. மரபணு நுழைவு ஐந்து மடங்கு வரை விரைவாயிற்று. வைரஸின் தேவை இருபதில் ஒரு பங்கு வரை குறைந்தது. ஹீமோஃபிலியா 'ஏ' உள்ள எலிகளுக்கு வேண்டுமென்றே குறைந்த அளவு வைரஸைக் கொண்டு சிகிச்சை அளித்தபோது, தட்டில் தயாரித்த குருத்தணுக்களைப் பெற்றவை தேறவில்லை. சில்லில் தயாரித்தவற்றைப் பெற்ற எலிகளின் குருதியே இயல்பாக உறைந்தது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் கிறிஸ்டோபர் டோரிங், டிரென்ட் ஸ்பென்சர் என்னும் இருவர் உண்டு. பாகாயம் ஆய்வில் கைகோத்த எமரி அறிஞர்களும் இவர்களே. ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம்: பாகாயத்தில் அந்த ஐவருக்குச் சில்லு பயன்படுத்தப்படவில்லை. அங்கு நுழைவை எளிதாக்கியது துணைப்பொருள். இரண்டும் ஒரே சிக்கலை இருவேறு பக்கங்களிலிருந்து அணுகுபவை.

வைரஸே இல்லாமல் வாசலைத் திறக்கும் சில்லுகளும் உண்டு. 2013இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், உயிரணுவின் அகலத்தைவிடக் குறுகலான கால்வாயில் அதனை நெருக்கிச் செலுத்தினால் சவ்வு ஒரு கணம் நெகிழ்ந்து வெளிப்பொருளை உள்ளே விடுவதைக் காட்டினர். இது எவருக்கும் எளிதில் விளங்கும்: கூட்ட நெரிசலில் குறுகிய வாயிலைக் கடப்பவரின் பை தானே பிதுங்கித் திறந்துகொள்வது போல. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் துஹின் சுப்ர சான்ட்ரா குழுவினர், டைட்டானியம் நுண்தட்டுகளின்மீது லேசர் ஒளித்துடிப்பைப் பாய்ச்சி, அருகிலுள்ள உயிரணுக்களின் சவ்வில் கணநேரத் துளைகளைத் திறந்து பெரிய மூலக்கூறுகளையும் உள்ளே புகுத்துகின்றனர். இவை யாவும் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குரியவை.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். அவர் படித்தது பொய்யன்று. பாகாயத்தில் பயன்பட்ட மரபணு மனித எட்டாம் காரணியின் அப்பட்டமான படியன்று. மனிதக் காரணி உயிரணுவிலிருந்து மிகக் குறைவாகவே சுரக்கிறது. பன்றியின் காரணியோ பன்மடங்கு மிகுதியாகச் சுரக்கிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே சுரப்புக்குக் காரணமான சில பகுதிகளில் மட்டும் பன்றிக் காரணியின் வரிசையை அமைத்து, மற்றதை மனித வரிசையாகவே வைத்து ஒரு கலப்பு வரிசையை வகுத்தனர். அதன் பெரும்பகுதி மனித வரிசையே.

நம் பகுதியில் இதற்கு உடனே எழும் விடை இரண்டு. ஒன்று, "தோலைப் பதனிட்டால் துப்புரவாவது போல இதுவும் மாறிவிட்டதல்லவா?" என்பது. தோல் தொழிலில் ஊறிய சமுதாயம் திபாகத்தை, அதாவது பதனிடுதலை, உவமை காட்டுவது இயல்பே. ஆனால் இவ்வுவமை இங்கு நிற்காது. செத்த பிராணியின் தோல் பதனிடுவதால் தூய்மையாகும் என்று சொன்ன ஹனஃபி மத்ஹபே பன்றியின் தோலை அவ்விதியிலிருந்து விலக்கிவிட்டது. ஷாஃபிஈ மத்ஹபு நாயையும் பன்றியையும் சேர்த்து விலக்கியது. ஆகவே திபாகத்தின் வழியாகப் பன்றிக்கு வாசல் திறப்பவர், எந்தச் சட்டத்தை ஆதாரமாக்குகிறாரோ அச்சட்டத்தாலேயே மறுக்கப்படுவார்.

இதைவிட வலுவானது 'இஸ்திஹாலா' என்னும் முழுமாற்றக் கொள்கை. உப்பளத்தில் விழுந்த கழுதையோ பன்றியோ முற்றிலும் உப்பாகிவிட்டால் அவ்வுப்பு தூய்மையானதே என்பது இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களின் கருத்து. ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவும் அதன்மீதே. ஷாஃபிஈ அறிஞர்களோ, தானாகக் காடியாகிவிட்ட மதுவைப் போன்ற மிகச் சிலவற்றைத் தவிர இம்மாற்றத்தை ஏற்பதில்லை. வேலூரில் ஹனஃபிகளும் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் மிகுந்து வாழும் தமிழகத்தில், இஸ்திஹாலாவை மட்டும் நம்பி விடை சொன்னால் காயல்பட்டினத்து நோயாளிக்கு ஒரு சட்டம், ஆம்பூர் நோயாளிக்கு ஒரு சட்டம் என்றாகும்.

இரண்டாவது விடை 'ளரூரத்', அதாவது நிர்ப்பந்தம். உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் ஹீமோஃபிலியாவுக்கு வேறு மருந்துகள் உள்ளன. மாற்று இருக்கையில் நிர்ப்பந்தத்தைக் காரணமாகச் சொல்வது வாதத்தை வலுவிழக்கச் செய்யும். மாற்று இருந்தும் வாங்க இயலாத வறுமை நிர்ப்பந்தமாகுமா என்பது தனி விவாதம். ஆகும் என்ற பக்கமே நம் மனம் சாய்கிறது.

நம் கருத்தில், இவ்விரு வாதங்களும் தேவைப்படுமுன்பே கேள்வி வேறிடத்தில் தீர்ந்துவிடுகிறது. பன்றியின் சதையையோ குருதியையோ எவரும் நோயாளியின் உயிரணுவில் கலக்கவில்லை. அறியப்பட்டிருந்த வரிசையின் ஒழுங்கில் புதிய மரபிழை ஆய்வகத்தில் அமைக்கப்பட்டது. உயிரணுவுக்குள் நுழைவது பன்றியின் பொருளன்று. ஒரு செய்முறைக் குறிப்பு. தூய்மை, அசுத்தம் என்னும் சட்டங்கள் பொருளைப் பற்றியவை. 'கின்ஸீர்' என்னும் சொல் திருக்குர்ஆனிலேயே எழுதப்பட்டுள்ளது. அதை ஓதுபவர் ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மை பெறுகிறார். அம்மை அசுத்தமென்று எவரும் சொன்னதில்லை.

இவ்வுவமைக்கும் எல்லை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. காகிதத்தில் உள்ள சொல் எதையும் உண்டாக்காது, மரபணுவோ உண்டாக்கும். உயிரணு அக்குறிப்பைப் படித்து, பன்றிக் காரணியை ஓரளவு ஒத்த புரதத்தைச் செய்கிறது. ஒத்திருப்பதால் சட்டமும் ஒன்றாகுமா? அப்புரதம் நோயாளியின் சொந்த உயிரணுவில், அவர் உண்ட சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் கிடைத்த அமினோ அமிலங்களால் கட்டப்படுவது. பொருளால் அது அவருடையது. வடிவத்தால் மட்டும் ஓரிடத்தில் மற்றொன்றை ஒத்தது. வடிவ ஒப்புமையை வைத்து நஜீஸ் என்று தீர்ப்பளித்த முன்னோடி எதையும் நாம் படித்த ஃபிக்ஹு நூல்களில் காணவில்லை. இது நம் கருத்து மட்டுமே. ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு. மருத்துவர்களை உடன் வைத்துக்கொண்டு அவர்கள் இதனை ஆராய்வதே நன்று.

பன்றியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. உயிரணு வளர்ப்பில் அணுக்களைத் தட்டிலிருந்து பிரிக்கப் பயன்படும் டிரிப்ஸின் என்னும் நொதி பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. குருதி உறையாமலிருக்க மருத்துவமனைகளில் ஏற்றும் ஹெப்பாரினும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவதே. இவை எழுத்தல்ல, பொருள். விலங்குச் சார்பில்லாத டிரிப்ஸின் இப்போது கிடைக்கிறது. நம் வீட்டார் அறுவை சிகிச்சைக்குப் போய் வரும்போது ஹெப்பாரினைப் பற்றி மூச்சு விடாத நாம், மரபணுவில் உள்ள வரிசையைக் கண்டு திடுக்கிடுவது நமக்கே விந்தையாக இருக்கிறது.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுதல் என்னும் ஆட்சேபமும் எழுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தில் ஷைத்தானின் சூளுரையாக அச்செய்தி வருவது உண்மை. ஆனால் இமாம் தபரீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள், அங்குக் குறிக்கப்படுவது அல்லாஹ்வின் மார்க்கத்தை மாற்றுவதே என்ற விளக்கத்துக்கு முதன்மை அளித்துள்ளனர். உடல் மாற்றத்தைக் குறிக்கிறது என்று கொண்டவர்களும் குறை நீக்குவதை அதில் சேர்க்கவில்லை. போரில் மூக்கறுபட்ட அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. 1998இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹுப் பேரவை, பெருங்கேடு விளையாதெனில் நோய் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம் என்றது. 2013இல் ரியாதில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நோயாளியின் உடலோடு முடியும் சிகிச்சையையும் விந்து, கருமுட்டை வழியாகச் சந்ததிக்குச் செல்லும் மாற்றத்தையும் பிரித்து நோக்கியது. பாகாயத்தில் நடந்தது முதல் வகை. திருத்தப்பட்டவை குருதிக் குருத்தணுக்கள் மட்டுமே. நோயாளியின் பிள்ளைகளுக்கு அத்திருத்தம் போகாது. இது நற்செய்தியாகவும் இருக்கிறது, குறையாகவும் இருக்கிறது. அவருடைய மகள் பழுதுபட்ட மரபணுவையே பெறுவாள்.

இனி 'பெருங்கேடு விளையாதெனில்' என்னும் நிபந்தனை. நம்மைப் பொறுத்தவரை உண்மையான ஃபிக்ஹுக் கேள்வி இங்குதான் உள்ளது. வைரஸ் தான் சுமந்த மரபணுவை உயிரணுவின் மரபிழையில் எங்கேனும் ஓரிடத்தில் செருகிவிடுகிறது. அவ்விடம் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் அருகாக அமைந்துவிட்டால் புற்று முளைக்கக்கூடும். 1999இல் பாரிஸில் தொடங்கிய ஒரு சிகிச்சையில், நோயெதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த குழந்தைகள் தேறினர்; சில ஆண்டுகளில் அவர்களுள் சிலருக்குக் குருதிப் புற்று வந்தது. அது பழைய வகை வைரஸ் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தனர். ஆனால் 2024இல், லென்டி வைரஸால் மூளை நோய்ச் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்குக் குருதிப் புற்று கண்டதாக அறிக்கை வந்தது. பாகாயத்தில் மரபணுவை இயக்கும் விசை வேறு வகையைச் சார்ந்தது. பெரும்பாலும் ஒருவகை வெள்ளணுக்களில் மட்டும் செயல்படுமாறு அமைக்கப்பட்டது. ஆயினும் ஐந்து பேர், சராசரி ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட கண்காணிப்பு என்பது நல்ல தொடக்கமே தவிர முடிந்த முடிவன்று. மச்சையை வெறுமையாக்கும் மருந்துகள் மகப்பேற்றாற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதையும் மணமாகாத இளைஞனுக்கும் அவன் பெற்றோருக்கும் முன்கூட்டியே விளங்கச் சொல்ல வேண்டும்.

செலவும் கேட்டின் ஒரு வகைதான். ஹீமோஃபிலியா 'ஏ'க்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மற்றொரு வகை மரபணு மருந்துக்கு அறிவிக்கப்பட்ட விலை 29 இலட்சம் டாலர். இருபதில் ஒரு பங்கு வைரஸே போதும் என்று ஓர் இரப்பர்ச் சில்லு காட்டுவதன் பொருள் அந்த எண்ணுக்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

அந்தச் சகோதரரை அண்மையில் மீண்டும் கண்டோம். மேலே எழுதியவற்றைச் சுருக்கிச் சொன்னோம். பன்றியைப் பற்றிய பகுதியைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டவர், புற்றைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்தார். "அப்படியானால் டாக்டரிடம் நான் முதலில் எதைக் கேட்க வேண்டும், ஹஜ்ரத்?" என்றார். எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை ஆண்டுகள் பார்த்தீர்கள், மரபணு எங்கே போய் ஒட்டியது என்பதைச் சோதித்துக்கொண்டே இருக்கிறீர்களா என்று கேளுங்கள் என்றோம். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த நாளிதழ்த் துண்டின் ஓரத்திலேயே மூன்றையும் எழுதிக்கொண்டார்.